வேலையில் அடிபட்டால் மருத்துவச் செலவு யாருடையது?



நமது அறக்கட்டளைக்கு வரும் மருத்துவ உதவி விண்ணப்பங்களில் ஒரு வகை திரும்பத் திரும்ப வருகிறது. சென்ட்ரிங் வேலையில் சாரத்திலிருந்து விழுந்தவர், மரம் அறுக்கும் மிஷினில் விரலை இழந்தவர், லாரியிலிருந்து மூட்டை இறக்கும்போது இடுப்பு உடைந்தவர், வெல்டிங் பட்டறையில் கண்ணில் துகள் பாய்ந்தவர் என்று ஆள் மாறும். ஆனால் கூடவே இணைத்திருக்கும் மருத்துவமனைச் சீட்டைப் பார்த்தால், பல நேரம் "வீட்டு மாடிப்படியில் வழுக்கி விழுந்தார்" என்றுதான் எழுதியிருக்கும்.

ஏன் இப்படி என்று கேட்டால், "முதலாளிக்குச் சங்கடம் வேண்டாம் என்று அப்படிச் சொல்லிவிட்டோம்" என்பார்கள். "போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று மேஸ்திரி பயமுறுத்தினார்" என்பார்கள். "காப்பீட்டு அட்டையில் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள்" என்றும் சொல்வார்கள். முதல் வாரம் முதலாளி ஏதோ கொஞ்சம் கொடுத்திருப்பார். அதற்குப் பிறகு போன் எடுக்க மாட்டார். வீட்டு நகை அடகுக்குப் போயிருக்கும். சட்டப்படி வர வேண்டிய பணத்தைக் கேட்கலாம் என்றால், மருத்துவமனையின் ஏட்டிலேயே நம் வாயால் சொன்ன வரி நமக்கு எதிராக நிற்கும்.

இந்த இதழின் பாடம் அதைப் பற்றியது. வேலையில் அடிபட்டவருக்கு மருத்துவச் செலவை யார் தர வேண்டும், எந்த வரிசையில் கேட்க வேண்டும், என்ன ஆவணம் வேண்டும் என்பதை வீட்டில் உள்ள எல்லோரும், முக்கியமாகப் பெண்களும், தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்கு ஓடும்போது அடிபட்டவர் பேசும் நிலையில் இருக்க மாட்டார். பக்கத்தில் நிற்பவர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

முதல் வாக்கியம்

விபத்து என்று யார் வந்தாலும் மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். இதைத்தான் நம் ஊரில் "ஏ.ஆர். என்ட்ரி" என்கிறோம். எப்போது, எங்கே, எப்படி அடிபட்டது, யார் கொண்டுவந்து சேர்த்தார்கள் என்பதை நாம் சொல்கிறபடி மருத்துவர் எழுதுவார். பின்னால் எந்த அலுவலகம் போனாலும், எந்த இன்ஷூரன்ஸ் கம்பெனி போனாலும், முதலில் கேட்பது இந்த ஏ.ஆர். காப்பியைத்தான்.

அதனால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். "வேங்கிக்காலில் இன்ன தெருவில் கட்டட வேலை செய்துகொண்டிருந்தபோது, காலை 11 மணிக்கு, இரண்டாவது மாடிச் சாரத்திலிருந்து விழுந்தார்" என்று இடம், நேரம், வேலை மூன்றும் வர வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியிலும் அதே விவரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வீட்டுக்கு வாருங்கள்.

போலீஸ் பயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. விபத்தைப் பற்றி மருத்துவமனை காவல் நிலையத்துக்குத் தகவல் தருவது வழக்கமான நடைமுறை. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் பணம் பெற முதலாளி தப்பு செய்தார் என்று நிரூபிக்கத் தேவையே இல்லை. வேலையின் காரணமாக, வேலை நேரத்தில் அடிபட்டது என்றால் போதும். எனவே உண்மையைச் சொல்வதால் நாம் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை.

இ.எஸ்.ஐ. இருக்கிறதா?

முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலை, கடை, நிறுவனம் என்றால், மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் இ.எஸ்.ஐ.யில் சேர்க்கப்பட வேண்டும். சம்பளத்தில் தொழிலாளி 0.75 சதவீதமும் முதலாளி 3.25 சதவீதமும் கட்டுகிறார்கள். செய்யாறு சிப்காட்டில் காலணித் தொழிற்சாலைக்குப் போகும் நம் பெண் பிள்ளைகளின் சம்பளச் சீட்டைப் பாருங்கள், இந்தப் பிடித்தம் தெரியும்.

இ.எஸ்.ஐ. உள்ளவருக்கு வேலையில் அடிபட்டால் சிகிச்சை முழுவதும் இ.எஸ்.ஐ.யின் பொறுப்பு. அதற்குத் தொகை உச்சவரம்பு கிடையாது. வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் வரும். வேலைக் காயத்துக்கு "இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும்" என்ற நிபந்தனையும் இல்லை. சேர்ந்த புதிதில் அடிபட்டாலும் உண்டு.

வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலோ வேலை முடிந்து திரும்பும் வழியிலோ நடந்த விபத்தும், நேரமும் இடமும் வேலையோடு பொருந்தி வந்தால், வேலை விபத்தாகவே கருதப்படும். கம்பெனி வேனில் போனவர், பைக்கில் போனவர் இருவருக்கும் இது பொருந்தும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இ.எஸ்.ஐ. உள்ளவர் அதே காயத்துக்குத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின்படி முதலாளியிடம் தனியாக இழப்பீடு கேட்க முடியாது. இதை 1996இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. எனவே இ.எஸ்.ஐ. உள்ளவர் நேரத்தை வீணாக்காமல், விபத்தை நிறுவனத்தின் விபத்துப் பதிவேட்டில் எழுதச் செய்து, இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்குத் தகவல் போய்விட்டதா என்று உறுதிசெய்ய வேண்டும். அவசரத்துக்குத் தனியார் மருத்துவமனையில் சேர்த்தாலும் இ.எஸ்.ஐ. எண்ணை உடனே சொல்லி, இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்கும் தெரிவித்துவிடுங்கள்.

இ.எஸ்.ஐ. இல்லையென்றால் முதலாளி

நம் பகுதியில் பெரும்பாலானோர் இந்த வகையில்தான் வருவார்கள். நாலைந்து பேர் வேலை செய்யும் பட்டறை, கட்டட மேஸ்திரியிடம் தினக்கூலி, போர்வெல் வண்டி, லோடு வேன் என்று இருக்கும். இவர்களுக்காக வந்ததுதான் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் அது சேர்க்கப்பட்டு, 2025 நவம்பர் 21 முதல் அந்தத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. பெயர் மாறினாலும் அடிப்படை உரிமைகள் தொடர்கின்றன. அவற்றில் முக்கியமானவை இவை.

ஒன்று, வேலையில் ஏற்பட்ட காயத்துக்காகத் தொழிலாளி உண்மையில் செய்த மருத்துவச் செலவை முதலாளி திருப்பித் தர வேண்டும். 2009இல் நிறைவேறிய திருத்தத்தில் இந்த உரிமை தெளிவாகச் சேர்க்கப்பட்டது. இது இழப்பீட்டுக்கு மேல் தனியாக வரும் தொகை.

இரண்டு, தற்காலிகமாக வேலைக்குப் போக முடியாவிட்டால் அரை மாதத்துக்கு ஒருமுறை, மாதச் சம்பளத்தில் 25 சதவீதம் தர வேண்டும்.

மூன்று, நிரந்தர ஊனம் என்றால் ஊனத்தின் அளவுக்கு ஏற்ப மொத்தத் தொகை உண்டு. இறந்துவிட்டால் குடும்பத்துக்கு மொத்தத் தொகை உண்டு.

நான்கு, மேஸ்திரியிடம் காண்டிராக்ட் விட்டிருந்தாலும், அந்த வேலை நிறுவனத்தின் தொழிலைச் சேர்ந்தது என்றால், வேலையை விட்ட பெரிய முதலாளியிடமே இழப்பீடு கேட்கலாம். மேஸ்திரியைத் தேடி அலைய வேண்டியதில்லை.

ஐந்து, "எனக்கு எதுவும் வேண்டாம்" என்று எழுதி வாங்கிக்கொண்டாலும் அந்தக் காகிதம் சட்டப்படி செல்லாது. இறப்பு இழப்பீட்டை முதலாளி அதிகாரியிடம்தான் கட்ட வேண்டும். வீட்டுக்கு வந்து கையில் கொடுத்துவிட்டுக் கணக்கை முடித்துவிட முடியாது.

கோரிக்கை மனுவை விபத்து நடந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். குடித்திருந்தார், பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறினார் என்று முதலாளி எதிர்வாதம் செய்யலாம். ஆனால் மரணத்துக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் அந்த வாதம் எடுபடாது.

ஒரு கணக்கு

சட்டத்தில் வயதுக்கு ஏற்ப ஒரு காரணி எண் தரப்பட்டுள்ளது. 25 வயதுக்கு 216.91. 40 வயதுக்கு 184.17. 50 வயதுக்கு 153.09. மாதம் 12,000 ரூபாய் சம்பாதிக்கும் 40 வயதுத் தொழிலாளியை எடுத்துக்கொள்வோம்.

இறந்துவிட்டால் சம்பளத்தில் பாதியான 6,000ஐ 184.17ஆல் பெருக்க, 11,05,020 ரூபாய்.

நிரந்தர முழு ஊனம் என்றால் சம்பளத்தில் 60 சதவீதமான 7,200ஐ 184.17ஆல் பெருக்க, 13,26,024 ரூபாய்.

கட்டைவிரல் போனால் சட்ட அட்டவணைப்படி 30 சதவீத இழப்பு. மேலே உள்ள தொகையில் 30 சதவீதம், ஏறக்குறைய 3,97,800 ரூபாய். ஆள்காட்டி விரல் முழுவதும் போனால் 14 சதவீதம், ஏறக்குறைய 1,85,600 ரூபாய்.

"வீட்டில் விழுந்தார்" என்று எழுதிய அந்த ஒரு வரி எத்தனை லட்சத்தைக் கேள்விக்குள்ளாக்குகிறது என்று இப்போது புரிந்திருக்கும்.

அட்டவணைச் சதவீதமே எப்போதும் முடிவானதும் அல்ல. 1968இல் ஒரு திரையரங்கில் அலங்கார வேலை செய்த தச்சர் விழுந்து, இடது கையை முழங்கைக்கு மேல் எடுக்க வேண்டி வந்தது. ஒரு கைதானே போயிற்று, பகுதி ஊனம்தானே என்று முதலாளி தரப்பு வாதாடியது. ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, அவரது தொழிலைப் பொறுத்தவரை இது முழு ஊனமே என்று உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. நம் தச்சர்களும் டெய்லர்களும் இதை நினைவில் வைத்திருக்கட்டும். ஊனச் சான்றிதழ் வாங்கும்போது, அடிபட்டவர் என்ன தொழில் செய்கிறார் என்பதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

காப்பீட்டு அட்டையும் மெடிக்ளெய்மும்

"முதலாளி பணம் தரும்வரை சிகிச்சை காத்திருக்குமா?" என்று கேட்பீர்கள். காத்திருக்கக் கூடாது. உயிர்தான் முதலில்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சேர்க்கலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை உள்ளவர்கள் அதைக் காட்டலாம். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை, திட்டத்தில் உள்ள சிகிச்சைகளுக்கு, பணம் கட்டாமல் மருத்துவம் பெறலாம். அட்டை இல்லாதவர்கள் வருமானச் சான்று, ரேஷன் அட்டை, ஆதாருடன் வேங்கிக்காலில் உள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இதற்கான மையத்தை அணுகலாம். கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800 425 3993. வேலைக்குப் போகும் வழியில் சாலை விபத்து என்றால், 2021 டிசம்பரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48" திட்டத்தில் முதல் 48 மணி நேர அவசரச் சிகிச்சை உண்டு. அதற்கு அட்டைகூடத் தேவையில்லை.

இந்த உதவிகளைப் பெற "வீட்டில் விழுந்தேன்" என்று சொல்ல வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. வேலையில் அடிபட்டது என்று சொன்னால் அரசு மருத்துவமனை சிகிச்சையை மறுக்காது. அட்டையில் சிகிச்சை பெற்றுவிட்டதால் முதலாளியின் பொறுப்பும் தீர்ந்துவிடாது. அட்டையில் அடங்காமல் நாம் கைக்காசு போட்டு வாங்கிய மருந்து, ஸ்கேன் முதலியவற்றை அவரிடம் கேட்கலாம். ஊன இழப்பீடு முழுவதும் அப்படியே நிற்கிறது.

சொந்தமாக மெடிக்ளெய்ம் பாலிசி எடுத்தவர்களுக்கு ஒரு விதி. செலவை ஈடுகட்டும் பாலிசிகளில் ஒரே பில்லுக்கு இரண்டு இடத்தில் முழுப் பணம் வாங்க முடியாது. 80,000 ரூபாய் பில்லில் ஒரு கம்பெனி 50,000 கொடுத்தால், மீதி 30,000ஐ மட்டுமே வேறு இடத்தில் கேட்கலாம். அசல் பில்லை முதல் கம்பெனி வாங்கிக்கொள்ளும். கொடுப்பதற்கு முன் எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். எவ்வளவு கொடுத்தார்கள் என்ற கடிதத்தையும் கேட்டு வாங்குங்கள். அந்தக் கடிதம்தான் மீதிப் பணத்துக்குச் சாவி. விபத்துக் காப்பீடு என்று தனியாக எடுத்து, கை போனால் இவ்வளவு, உயிர் போனால் இவ்வளவு என்று நிச்சயித்த தொகை தரும் பாலிசிகளுக்கு இந்தத் தடை இல்லை. அவற்றில் தனியாகவே கேட்கலாம்.

லாரி, வேன் ஓட்டுநரும் கிளீனரும் வேலையில் இருக்கும்போது சாலை விபத்தில் சிக்கினால், மோட்டார் வாகனச் சட்டப்படி தீர்ப்பாயத்துக்குப் போகலாம், அல்லது தொழிலாளர் இழப்பீட்டின்படி கேட்கலாம். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டு மனு போடுங்கள்.

கட்டடத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ளத் தவறாதீர்கள். பணியிட விபத்தில் இறந்தால் வாரியம் நிதி உதவி வழங்குகிறது. இது வாரியத்தின் நல உதவி. முதலாளி தர வேண்டியதைக் கேட்பதற்கு இது தடையாகாது.

வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு

சவூதியில் வெளிநாட்டுத் தொழிலாளருக்காகவும் முதலாளி சம்பளத்தில் 2 சதவீதத்தை "கோஸி" என்ற சமூகக் காப்பீட்டு அமைப்பில் பணி விபத்துக்காகக் கட்ட வேண்டும். மலேசியாவில் 2019 ஜனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளரும் "பெர்கேசோ"வின் பணி விபத்துப் பாதுகாப்பில் வருகிறார்கள். சிங்கப்பூரில் பணிக்காய இழப்பீட்டுச் சட்டம் இருக்கிறது. அங்கேயும் பாடம் ஒன்றுதான். அடிபட்ட அன்றே "வேலையில் நடந்தது" என்று பதிய வேண்டும். அறைக்குப் போய்ப் படுத்துவிட்டு, ஊருக்கு வந்த பிறகு கேட்டால் கிடைப்பது கடினம்.

வேலை கொடுக்கும் சகோதரர்களுக்கு

நம்மில் பலர் கடை, பட்டறை, காண்டிராக்ட் நடத்துகிறோம். 10 பேரை எட்டிவிட்டால் இ.எஸ்.ஐ.யில் பதிவு செய்யுங்கள். அதற்குக் குறைவு என்றால் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் தொழிலாளர் இழப்பீட்டு பாலிசி எடுங்கள். எடுக்கும்போது ஒன்றைக் கேளுங்கள்: "மருத்துவச் செலவும் இதில் சேர்ந்திருக்கிறதா?" சாதாரண பாலிசியில் இழப்பீடு மட்டும் இருந்து, மருத்துவச் செலவுக்குத் தனியாகக் கூடுதல் பிரீமியம் கட்ட வேண்டி வரலாம். அதை விட்டுவிட்டால் பில் உங்கள் தலையில்தான் விழும். ஆட்களின் பெயர், சம்பளம், வேலை எல்லாவற்றையும் பாலிசியில் சரியாகக் காட்டுங்கள். சம்பளத்தைக் குறைத்துக் காட்டினால் இழப்பீடும் குறைந்தே வரும், மீதியை நீங்கள் தர நேரிடும்.

நம்மை நம்பி வேலைக்கு வருபவரின் உடல் நம்மிடம் உள்ள அமானத். அவர் அடிபட்டுக் கிடக்கும்போது பொய் சொல்லச் சொல்வது அந்த அமானத்துக்குச் செய்யும் துரோகம். இன்னொன்றும் உண்டு. முதலாளி தர வேண்டிய செலவு ஜகாத் நிதியிலிருந்து போனால், அந்த நிதி சேர வேண்டிய விதவைக்கும் அநாதைக்கும் அவ்வளவு குறைந்துபோகிறது. அதனால்தான் வேலை விபத்து விண்ணப்பங்களில் ஏ.ஆர். காப்பியையும், முதலாளியிடம் கேட்டதற்கான கடிதத்தையும் நாங்கள் கேட்கிறோம். உதவியை மறுப்பதற்காகக் கேட்கவில்லை. அவசரச் செலவுக்கு உதவிவிட்டு, உங்களுக்குச் சேர வேண்டியதைப் பெறவும் கூட நிற்பதற்காகவே கேட்கிறோம்.

செய்ய வேண்டியவை

1. மருத்துவமனையில் இடம், நேரம், வேலை மூன்றையும் உண்மையாகச் சொல்லி ஏ.ஆர். பதிவு செய்யுங்கள். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

2. இ.எஸ்.ஐ. எண் இருந்தால் சேர்க்கும்போதே சொல்லுங்கள்.

3. விபத்து நடந்த இடத்தைப் போனில் படம் எடுங்கள். கூட வேலை செய்த இருவரின் பெயரையும் எண்ணையும் எழுதி வையுங்கள்.

4. முதலாளிக்குப் பதிவுத் தபாலில் எழுத்து மூலம் தெரிவியுங்கள். வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள்.

5. சம்பளம் வாங்கியதற்கான சான்றைச் சேர்த்து வையுங்கள். சீட்டு இல்லையென்றால் வங்கிப் பாஸ்புக், ஜி-பே பதிவு, மேஸ்திரியின் கணக்கு நோட்டின் படம் உதவும்.

6. ஒவ்வொரு பில்லுக்கும் மருந்துச் சீட்டுக்கும் அசலும் ஜெராக்ஸும் ஒரே பையில் இருக்கட்டும்.

7. வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். பணம் வாங்கினால் எதற்காக, எவ்வளவு என்று எழுதிக் கையெழுத்திடுங்கள்.

8. முதலாளி தராவிட்டால் தொழிலாளர் துறை அலுவலகத்தை அணுகுங்கள். வழக்கறிஞர் வைக்க வசதி இல்லாதவர்களுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச உதவி தருகிறது. தொலைபேசி எண் 15100.

வீட்டில் கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்விகள்

நம் வீட்டில் வேலைக்குப் போகும் ஒவ்வொருவருக்கும் இ.எஸ்.ஐ. உண்டா? எண் எங்கே இருக்கிறது?

அவருடைய முதலாளியின் முழுப் பெயரும் முகவரியும் வீட்டில் யாருக்காவது தெரியுமா?

அவருக்கு அடிபட்டதாகப் போன் வந்தால், மருத்துவமனையில் நாம் சொல்லும் முதல் வாக்கியம் என்ன?

இன்று இரவுச் சாப்பாட்டின்போது இந்த மூன்றையும் கேட்டுப் பாருங்கள். பதில் தெரியாத கேள்வியை ஒரு தாளில் எழுதி, ஜும்ஆவுக்குப் பிறகு எங்களிடம் கொண்டு வாருங்கள். சேர்ந்து பதில் தேடுவோம். உழைக்கும் கைகளை அல்லாஹ் பாதுகாப்பானாக. வஸ்ஸலாம்.